எவ்வளவு ஞாபகம் இருந்தால் எவ்வளவு கணக்குப் போடலாம்?

ஆட்டோமேட்டா, அதாவது கணக்கிடும் இயந்திரங்களின் கணித மாதிரிகள் பற்றிய பாடத்தை எடுக்கிற பலருக்கு முதல் வாரத்திலேயே அலுத்துவிடுகிறது. பாடம் ஒன்றும் அவ்வளவு கடினமில்லை, தொடங்குகிற இடம்தான் சரியில்லை. புத்தகத்தைத் திறந்தவுடன் கிரேக்க எழுத்துகள், ஐந்து உறுப்புகள் கொண்ட ஒரு வரையறை, கணம், உட்கணம், சார்பு. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் போகப்போகப் புரியும் என்பார்கள். பாதிப் பேர் அங்கே போய்ச் சேர்வதற்குள் தேர்வு வந்துவிடும்.

என்னைக் கேட்டால் இந்தப் பாடம் முழுவதையும் இரண்டே கேள்விகளைப் பிடித்துக்கொண்டு படித்துவிடலாம். ஓர் இயந்திரத்தால் எதை, எவ்வளவு நினைவில் வைத்துக்கொள்ள முடியும்? அந்த இயந்திரத்துக்குச் சரியாக ஊகிக்கும் வரம் ஒன்றைக் கொடுத்தால் அதன் வலிமை கூடுமா? முதல் கேள்வியை எல்லாப் புத்தகங்களும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி மட்டும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சிதறிக் கிடக்கும், சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. எனக்கோ இந்தத் துறையின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

சின்ன இயந்திரத்திலிருந்து தொடங்குவோம். ஓர் எண்ணை இருமத்தில், அதாவது வெறும் 0, 1 ஆக, இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமாக உங்களிடம் சொல்லிக்கொண்டே போகிறார்கள். எழுதி வைக்கக் காகிதம் கிடையாது. எண் லட்சம் இலக்கம் நீளமாகக்கூட இருக்கலாம். முடிந்ததும், அது 3-ஆல் மீதியின்றி வகுபடுமா என்று சொல்ல வேண்டும். முழு எண்ணையும் நினைவில் வைப்பது நடக்காத காரியம். நல்லவேளை, அது தேவையும் இல்லை. இதுவரை கேட்ட பகுதியை 3-ஆல் வகுத்தால் என்ன மீதி என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும். புதிதாக ஓர் இலக்கம் வரும்போது பழைய எண் இரட்டிப்பாகி அதோடு அந்த இலக்கம் சேர்கிறது, அவ்வளவுதானே. அதனால் மீதியையும் இரட்டித்து, இலக்கத்தைக் கூட்டி, 3-ஐ எட்டினாலோ தாண்டினாலோ ஒரு 3-ஐக் கழித்துவிடலாம். 10101 என்று சொன்னால் மீதி 1, 2, 2, 1, 0 என்று மாறி 0-வில் வந்து நிற்கும். அந்த எண் 21, வகுபடுகிறது.

மீதி 0, மீதி 1, மீதி 2 என்று மூன்று வட்டங்கள், அவற்றுக்கிடையே ஆறு அம்புகள். இதுதான் டிஎஃப்ஏ (deterministic finite automaton): ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஓர் எழுத்துக்கு ஒரே ஓர் அம்பு. புத்தகத்தின் அந்த ஐந்து உறுப்பு வரையறை இந்தப் படத்தைத்தான் எழுத்தில் சொல்கிறது: என்னென்ன வட்டங்கள், என்னென்ன எழுத்துகள் வரலாம், எந்த எழுத்துக்கு எந்த அம்பு, எங்கே தொடங்குவது, எங்கே நின்றால் 'சரி' என்று அர்த்தம். படத்தை முதலில் வரைந்துவிட்டு வரையறையைப் பிறகு படித்தால் அதில் மிரள ஒன்றுமே இல்லை.

இங்கே வட்டத்துக்கு ஸ்டேட் என்று பெயர். நடந்து முடிந்தவற்றில் இனி நடக்கப்போவதற்குத் தேவைப்படுவது எதுவோ, அதுதான் ஸ்டேட். இரண்டு வெவ்வேறு முன்கதைகள் இருக்கின்றன என்று வையுங்கள். இனிமேல் என்ன எழுத்து வந்தாலும் இரண்டுக்கும் ஒரே தீர்ப்புத்தான் என்றால், அவற்றைத் தனித்தனியாக ஞாபகம் வைத்து என்ன பயன்? ஒரே வட்டத்தில் போட்டுவிடலாம். அப்படிச் சேர்க்க முடிகிறதையெல்லாம் சேர்த்துவிட்டால் மிஞ்சுவதுதான் அந்த வேலைக்கான மிகச் சிறிய இயந்திரம். 1950களின் இறுதியில் மைஹில், நெரோட் இருவரும் நிரூபித்த தேற்றத்தின் சாரம் இதுதான். பாடத்திட்டத்தில் இது எங்கேயோ பின்னால் வருகிறது. என் கையில் இருந்தால் இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

இந்த இயந்திரத்தின் பூர்வீகம் கொஞ்சம் எதிர்பாராதது. 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் மூளை நரம்பணுக்களை ஆன்-ஆஃப் சுவிட்சுகள் மாதிரி வைத்து ஒரு கணித மாதிரி அமைத்தார்கள். இப்படிப்பட்ட நரம்பு வலையால் என்ன மாதிரியான நிகழ்வு வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று 1951-இல் ஸ்டீஃபன் க்ளேனி ஆராய்ந்தார். அதற்கு விடையாக அவர் உருவாக்கிய குறியீட்டு முறைதான் இன்று புரோகிராமர்கள் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் ரெஜெக்ஸ் (regular expression); மூல வடிவில் அது டிஎஃப்ஏவால் அடையாளம் காண முடிகிற எழுத்து வரிசைகளையே விவரிக்கிறது. ஆமாம், மின்னஞ்சல் முகவரி சரியா என்று பார்க்கப் படிவத்துக்குப் பின்னால் நீங்கள் எழுதும் அந்தப் புரியாத கோடுகளும் புள்ளிகளும் நரம்பியல் கேள்வி ஒன்றிலிருந்து வந்தவை.

சரி, இந்த இயந்திரத்தால் எது முடியாது? பாடம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. சில 0-க்கள் வரும், அதன்பின் சில 1-கள் வரும், இரண்டும் சம எண்ணிக்கையா என்று சொல்ல வேண்டும். 000111 சரி, 0011 சரி, 00111 தவறு. ஒரு குழந்தையால் முடிகிற வேலை. டிஎஃப்ஏவால் முடியாது. முயன்று பார்த்துத் தோற்றோம் என்ற பொருளில் இல்லை, எவராலும் எப்போதும் முடியாது. பத்து ஸ்டேட் உள்ள ஓர் இயந்திரம் இதைச் செய்வதாக யாராவது சொன்னால், அதற்கு ஒரு 0, இரண்டு 0, மூன்று 0 என்று பதினொரு 0 வரை தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். பதினொரு உள்ளீடு, பத்தே ஸ்டேட், ஆகவே ஏதோ இரண்டு உள்ளீடுகள் ஒரே ஸ்டேட்டில் வந்து நின்றாக வேண்டும். நாலு 0-வும் ஒன்பது 0-வும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டுக்குப் பின்னாலும் நாலு 1 கொடுங்கள். ஒன்றுக்குச் சரி என்றும் மற்றதற்குத் தவறு என்றும் சொல்ல வேண்டும், ஆனால் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், எங்கிருந்து வந்தோம் என்பதே அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும், ஒன்று கட்டாயம் தப்பு. பத்துக்குப் பதில் பத்துக் கோடி ஸ்டேட் வைத்தாலும் இதே வாதம் நிற்கும். பம்பிங் லெம்மா என்று புத்தகம் பயமுறுத்துவது இந்த வாதத்தின் இன்னொரு வடிவத்தைத்தான். அதை மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இப்போது ஊகத்துக்கு வருவோம். 1959-இல் மைக்கேல் ராபின், டேனா ஸ்காட் இருவரும் ஒரு விசித்திரமான இயந்திரத்தை அறிமுகம் செய்தார்கள். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று அம்புகள் இருக்கலாம், எதில் வேண்டுமானாலும் போகலாம். எப்படியாவது ஒரு வழி 'சரி'யில் போய் முடிந்தால் சரி என்று கொள்ளலாம். இதுதான் என்எஃப்ஏ (nondeterministic finite automaton). 'கடைசியிலிருந்து மூன்றாவது இலக்கம் 1-ஆ' என்ற கேள்விக்கு என்எஃப்ஏ கட்டுவது மிகச் சுலபம்: ஏதோ ஒரு 1 வரும்போது 'இதுதான் கடைசியிலிருந்து மூன்றாவது' என்று ஊகித்துவிட்டு, பிறகு சரியாக இரண்டு இலக்கம் வந்து முடிகிறதா என்று பார்த்தால் போதும். நாலு ஸ்டேட். கேட்கும்போது ஏமாற்று வேலை மாதிரி இருக்கும். ஆனால் இருவரும் நிரூபித்தது என்னவென்றால், இந்த வரத்தால் ஒரு புதிய வலிமையும் கிடைப்பதில்லை. எந்த என்எஃப்ஏவையும் டிஎஃப்ஏவாக மாற்றிவிடலாம். எந்த வழியில் போவது என்று யோசிக்காமல், இந்த நொடியில் எந்தெந்த ஸ்டேட்களில் இருக்கக்கூடும் என்ற மொத்தப் பட்டியலையும் ஒரே ஸ்டேட்டாக எடுத்துக்கொண்டால் முடிந்தது.

விலை மட்டும் உண்டு. கடைசியிலிருந்து மூன்றாவதுக்கு டிஎஃப்ஏவில் 8 ஸ்டேட் வேண்டும். கடைசியிலிருந்து இருபதாவது என்று மாற்றினால் என்எஃப்ஏவுக்கு 21 போதும், டிஎஃப்ஏவுக்கு 10,48,576. கடைசி இருபது இலக்கங்களை அப்படியே ஞாபகம் வைத்தே ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. ஊகம் வலிமையைக் கூட்டவில்லை, இடத்தை மிச்சப்படுத்துகிறது.

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை உலகம் முழுக்கச் சுமார் 27 நிமிடம் படுத்துவிட்டது, அதை நம்பியிருந்த ஏராளமான தளங்களும் கூடவே விழுந்தன. காரணம், புதிதாகச் சேர்த்த பாதுகாப்பு விதி ஒன்றில் இருந்த ஒரே ஒரு ரெஜெக்ஸ். பெர்ல், பைத்தான், ஜாவா போன்ற புரோகிராம் மொழிகளின் வழக்கமான ரெஜெக்ஸ் எஞ்சின்கள் ஒரு வழியில் போய்ப் பார்த்து, முட்டினால் திரும்பி வந்து அடுத்த வழியை முயலும். '1-கள் ஒன்றோ பலவோ, அந்தக் கூட்டமே ஒன்றோ பலவோ, கடைசியில் ஒரு 0' என்ற மாதிரி எழுதிவிட்டு, முப்பது 1-களை மட்டும் கொடுத்து 0-வைக் கொடுக்காமல் விட்டால், அந்த முப்பதையும் கூட்டம் கூட்டமாகப் பிரிக்க இருக்கிற வழிகள் 53,68,70,912. இப்படி அப்பாவியாய் முயலும் எஞ்சின் அத்தனையையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று சொல்லும். வேடிக்கை என்னவென்றால் இதற்கான மருந்தை 1968-லேயே கென் தாம்சன் வெளியிட்டுவிட்டார்: ராபினும் ஸ்காட்டும் சொன்ன அதே யோசனை, எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தையும் ஒரே முறை படித்துக்கொண்டு போவது. கூகுளின் ஆர்இ2 என்ற ரெஜெக்ஸ் எஞ்சின், கோ மொழியின் ரெஜெக்ஸ் எல்லாம் இந்த வழியில் போகின்றன. மற்றவை ஏன் போகவில்லை என்றால், ஏற்கெனவே பொருந்திய பகுதியே மறுபடி வர வேண்டும் என்று கேட்கும் வசதி போன்ற சில விஷயங்களைக் காலப்போக்கில் ரெஜெக்ஸுக்குள் நுழைத்துவிட்டார்கள். அவை டிஎஃப்ஏவின் வரம்புக்கு வெளியே இருப்பவை. வசதிக்கு விலை வேகம்.

அடுத்தது, ஞாபகத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். இயந்திரத்துக்கு ஒரு ஸ்டாக் கொடுக்கலாம்: மேலே மேலே அடுக்கலாம், மேலே இருப்பதை மட்டும் எடுக்கலாம், ஆழத்துக்கு வரம்பில்லை. இப்போது 000111 தண்ணீர் பட்ட பாடு. 0 வந்தால் அடுக்கு, 1 வந்தால் ஒன்றை எடு, கடைசியில் காலியானால் சரி. புரோகிராமில் அடைப்புக்குறிகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா என்று கம்பைலர் பார்ப்பதும் இப்படித்தான். மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1956-இல் மனித மொழிகளுக்காக வகுத்த இலக்கண வகைகளில் ஒன்றும் இந்த ஸ்டாக் இயந்திரமும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லை ரெஜெக்ஸ் வைத்து முழுதாக அலச முயலாதீர்கள் என்று அனுபவசாலிகள் எரிச்சலோடு சொல்வதற்கும் காரணம் இதுவே, ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு ஆழமும் போகும் அமைப்புக்கு ஸ்டாக் வேண்டும். ஆனால் 000111222 என்று மூன்று வகையும் சமமா என்று கேட்டால் ஸ்டாக்கும் கைவிரித்துவிடும், 1-களைச் சரிபார்க்கும்போதே எண்ணிக்கையைச் செலவழித்துவிடுகிறதே.

ஊகம் இங்கே என்ன செய்கிறது? இங்கே கதை மாறுகிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் வரிசையை அடையாளம் காண வேண்டும் என்று வையுங்கள். ஊகிக்கும் ஸ்டாக் இயந்திரம் 'இதோ நடு வந்துவிட்டது' என்று ஊகித்து, அதுவரை அடுக்கியதை எடுத்து ஒப்பிட்டுவிடும். ஊகிக்கத் தெரியாத ஸ்டாக் இயந்திரத்துக்கு நடு எது என்று தெரிய வழியே இல்லை, அதனால் முடியாது என்று நிரூபித்தும் இருக்கிறார்கள். ஆக, ஸ்டேட் மட்டும் இருந்தபோது எதையும் கூட்டாத அதே வரம், ஸ்டாக் வந்ததும் நிஜமான வலிமையைக் கொடுக்கிறது. இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

ஒரு ஸ்டாக் போதவில்லை என்றால் இரண்டு கொடுத்துப் பார்க்கலாமே? கொடுத்தால் அதற்கப்புறம் மூன்றாவது தேவையே இல்லை. இரண்டு ஸ்டாக்கையும் வாயோடு வாய் வைத்துப் படுக்கப் போட்டால் இருபுறமும் நீளும் ஒரு டேப் ஆகிவிடுகிறது, ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் வைப்பது டேப்பில் நகர்வதற்குச் சமம். அதுதான் டியூரிங் இயந்திரம். அதற்கு மேல் எத்தனை ஸ்டாக், எத்தனை டேப் கொடுத்தாலும், ஏன், இன்றைய சூப்பர் கம்ப்யூட்டரையே கொண்டுவந்தாலும், வேகம் கூடுமே தவிரப் புதிதாக எதையும் கணக்கிட முடியாது.

ஆலன் டியூரிங் இதை எழுதியபோது வயது 23. 1928-இல் கணிதவியலாளர்கள் ஹில்பர்ட்டும் ஆக்கர்மனும் எழுப்பிய ஒரு கேள்விக்கு விடையாக எழுதியது அது: ஒரு கணிதக் கூற்றைக் கொடுத்தால் அது தர்க்கப்படி நிறுவக்கூடியதா இல்லையா என்று இயந்திரத்தனமாகச் சொல்லிவிடும் செய்முறை ஒன்று உண்டா? இல்லை என்று 1936-இல் டியூரிங் காட்டினார். அவருக்குச் சற்று முன்பே அலான்சோ சர்ச், சார்புகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் லாம்டா கால்குலஸ் என்ற முறை வழியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். (மேலே வந்த க்ளேனி, ராபின், ஸ்காட், அப்புறம் டியூரிங், நாலு பேருமே சர்ச்சிடம் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஒரே ஆசிரியரின் மாணவர் பட்டியலே பாதிப் பாடத்திட்டம்!)

எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் ஹால்டிங் கேள்வி இதுதான்: ஒரு புரோகிராமையும் அதன் உள்ளீட்டையும் கொடுத்தால், அது என்றாவது நிற்குமா, முடிவில்லாமல் ஓடுமா என்று சொல்ல வேண்டும். டியூரிங் இதே வடிவில் கேட்கவில்லை, இயந்திரம் இலக்கங்களை முடிவில்லாமல் அச்சிட்டுக்கொண்டே போகுமா என்றுதான் கேட்டார், அது இருக்கட்டும். இப்படிச் சொல்லக்கூடிய ஒரு சோதனைக்காரப் புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை உள்ளே வைத்து நான் ஒரு குறும்புப் புரோகிராம் எழுதுகிறேன்: யாராவது ஒரு புரோகிராமைக் கொடுத்தால், 'இதற்கு இதையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா' என்று சோதனைக்காரரிடம் கேட்கும். நிற்கும் என்றால் வேண்டுமென்றே முடிவில்லாமல் சுற்றும், நிற்காது என்றால் உடனே நின்றுவிடும். இப்போது குறும்பனுக்கு அவனையே உள்ளீடாகக் கொடுங்கள். சோதனைக்காரர் எதைச் சொன்னாலும் அதற்கு நேரெதிர்தான் நடக்கும். ஆகவே தப்பே செய்யாத சோதனைக்காரர் இருக்க முடியாது. அவ்வளவுதான் நிரூபணம்.

இது ஒவ்வொரு தனிப் புரோகிராமையும் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்று சொல்லவில்லை, பலர் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே செய்முறை இல்லை, அதுதான் விஷயம். அப்படி ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் அதன் கனம் புரியும். 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1742-இல் கோல்ட்பாக் ஊகித்தார், இன்னும் நிரூபணமில்லை. அந்த ஊகத்துக்குப் பொருந்தாத எண்ணை ஒவ்வொன்றாகத் தேடி, கிடைத்தால் நிற்கும் புரோகிராமைப் பத்து வரியில் எழுதிவிடலாம். அது நிற்குமா என்று சோதனைக்காரரிடம் கேட்டால் முடிந்தது கதை. இதன் தொடர்ச்சியாக ரைஸ் தேற்றம் என்று ஒன்று உண்டு: புரோகிராமின் நடத்தை பற்றிய எந்த உருப்படியான கேள்விக்கும் பொதுச் செய்முறை கிடையாது. பிழை கண்டுபிடிக்கும் கருவிகள் சில சமயம் இல்லாத பிழையைச் சொல்வதும், இருக்கிற பிழையை விடுவதும் அந்தக் கருவியை எழுதியவர்களின் சோம்பேறித்தனத்தால் மட்டும் அல்ல.

நிற்குமா என்ற கேள்வி எவ்வளவு சின்ன இயந்திரத்திலேயே முரண்டு பிடிக்கிறது என்று பார்க்க, 1962-இல் டிபோர் ராடோ ஒரு விளையாட்டைத் தொடங்கி வைத்தார், பிஸி பீவர் என்று பெயர். 0 மட்டும் நிறைந்த டேப், 0-வும் 1-உம் மட்டும் எழுதலாம், இத்தனை ஸ்டேட் என்று வரம்பு. நிற்கிற இயந்திரங்களில் அதிக நேரம் ஓடுவது எது? இரண்டு ஸ்டேட்டுக்கு விடையைக் கையாலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டேட்களை அ, ஆ என்போம். அ-வில் 0 பார்த்தால் 1 எழுதி வலப்பக்கம் போய் ஆ-வுக்கு மாறு. அ-வில் 1 பார்த்தால் அதை விட்டுவிட்டு இடப்பக்கம் போய் ஆ-வுக்கு மாறு. ஆ-வில் 0 என்றால் 1 எழுதி இடப்பக்கம் போய் அ-வுக்கு மாறு. ஆ-வில் 1 என்றால் நில். நிற்பதையும் ஒரு அடியாக எண்ணினால் ஆறாவது அடியில் நாலு 1-களை விட்டுவிட்டு நிற்கும், இதற்கு மேல் எதுவும் ஓடாது. மூன்று ஸ்டேட்டுக்கு 21, நாலுக்கு 107. ஐந்துக்கு? 4,71,76,870. அந்த இயந்திரத்தை 1989-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் அதைவிட அதிகம் ஓடி நிற்பது வேறு எதுவுமில்லை என்று உறுதியாகச் சொல்ல 2024 வரை ஆயிற்று. இணையத்தில் கூடிய ஒரு குழு, அதில் பலர் தொழில்முறைக் கணிதக்காரர்கள்கூட இல்லை, மிச்சமிருந்த ஒவ்வோர் இயந்திரமும் நிற்காது என்று காட்டி, நிரூபணத்தைக் கணினியாலேயே சரிபார்த்து முடித்தது. ஆறு ஸ்டேட்டில் நிற்குமா என்று இன்றைய கணிதத்தால் சொல்ல முடியாத இயந்திரங்கள் வந்துவிட்டன. வெறும் பன்னிரண்டு விதிகள்!

ஊகத்தை மறந்துவிடவில்லை. டேப் இயந்திரத்துக்கு அந்த வரத்தைக் கொடுத்தால் புதிதாக எதையும் கணக்கிட முடியாது, எல்லா வழிகளையும் வரிசையாக முயன்று பார்த்துவிடலாம் என்பதால். இடையில் ஒரு விசித்திரமும் உண்டு: டேப்பின் நீளத்தை உள்ளீட்டின் நீளத்தோடு கட்டிப்போட்டால் ஊகம் வலிமையைக் கூட்டுமா கூட்டாதா என்று 1964-இல் குரோடா எழுப்பிய கேள்விக்கு இன்று வரை விடையில்லை. வலிமையை விட்டுவிட்டு நேரத்தைக் கேட்டாலும் இதே நிலைதான். ஊகித்து வேகமாக முடிக்கிற வேலையை ஊகிக்காமலும் வேகமாக முடிக்க முடியுமா? இதுதான் பி-என்பி கேள்வி. 1971-இல் ஸ்டீஃபன் குக்கும், தனியாக சோவியத் ஒன்றியத்தில் லெவினும் இதன் மையத்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே ரிச்சர்ட் கார்ப், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தோன்றும் 21 சிக்கல்கள் உள்ளுக்குள் ஒன்றே என்று காட்டினார், ஒன்றை வேகமாக முடித்தால் அத்தனையும் முடிந்தது. 2000-இல் கிளே நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது, அது இன்னும் அப்படியே இருக்கிறது. முடியாது என்றுதான் துறையில் பெரும்பாலோர் நம்புகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்த இருபதாவது இலக்க என்எஃப்ஏவை டிஎஃப்ஏவாக மாற்ற 10 லட்சம் ஸ்டேட் கட்டாயம் என்று இரண்டு வரியில் காட்ட முடிந்த மாதிரி, இங்கே அந்த விலை கட்டாயம் என்று காட்ட ஒரு வழி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கிடைக்கவில்லை.